மலைப்பாதையில் நின்றுபோகும் பழைய கார்: இக்னிஷன் காயிலைச் சோதிக்கும் முறை

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில். இந்த ஏற்றம் முழுவதையும் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ கீழ் கியர்களிலேயே, குறைந்த வேகத்தில், பானட்டுக்குள் காற்றோட்டம் குறைந்த நிலையில் ஏறிக் கடக்கிறது. பர்லியாரைத் தாண்டியதும் எஞ்சின் அணைந்து, சற்று நேரம் ஆறவிட்ட பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் ஸ்டார்ட் ஆனால், அங்கே வந்து நின்று பார்ப்பவர்கள் சொல்லும் முதல் தீர்ப்பு ‘காயில் போச்சு’ என்பதாகத்தான் இருக்கும். அந்தத் தீர்ப்பு சில நேரங்களில் சரியானதே. ஆனால் காயிலின் மீது விழும் பழிகளில் பெரும்பகுதி பாயிண்ட்டுக்கோ, கண்டென்சருக்கோ, தளர்ந்த ஒயருக்கோ, இளைத்த பேட்டரிக்கோ உரியது. சோதிக்காமல் காயிலை மாற்றுபவர், நல்ல பொருளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழுதை வண்டியிலேயே வைத்துக்கொள்கிறார்.

பழைய வண்டியை அண்மையில் வாங்கி, அதைத் தாமே பராமரிக்க விரும்புகிறவர்களுக்காக இந்தச் சோதனை முறையை எழுதுகிறேன். இதில் அடிப்படையான விதி ஒன்றுதான்: பழுது எந்த நிலையில் தோன்றுகிறதோ அந்த நிலையிலேயே சோதிக்க வேண்டும். சூட்டில் வரும் பழுதை எஞ்சின் ஆறிய பின் தேடினால் அகப்படாது. மூடுபனியில் வரும் பழுதை உச்சிவெயிலில் தேடினாலும் அகப்படாது. இங்கே சொல்லப்படுபவை பாயிண்ட்டும் கண்டென்சரும் உள்ள பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பொருந்தும். டீசல் அம்பாசடர், டீசல் ஜீப் ஆகியவற்றில் இந்தக் காயிலே கிடையாது என்பதால், வாங்கிய வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காயில் செய்யும் வேலை

தகர உருளைக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. பிரைமரி என்பது சில நூறு சுற்றுகள் கொண்ட சற்றுத் தடித்த கம்பி. செகண்டரி என்பது பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட, தலைமுடி போன்ற மெல்லிய கம்பி. பிளக்குகளுக்கு முறையாகப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், திறந்து மூடும் சிறிய சுவிட்சான பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் கரண்ட் பிரைமரியில் பாய்ந்து காந்தப்புலத்தை உருவாக்குகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட் அறுபட்டு, காந்தப்புலம் சரிந்து, செகண்டரியில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. அந்த மின்னழுத்தம் நடு ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும், அங்கிருந்து உள்ளே சுழலும் ரோட்டார் வழியாக உரிய பிளக்குக்கும் போய்ச் சேர்கிறது. பாயிண்ட்டோடு இணைந்திருக்கும் கண்டென்சர், கரண்ட் அறுபடும்போது பாயிண்ட்டில் பொறி பறக்காமல் அந்த அதிர்வைத் தாங்கிக்கொள்கிறது. அது கெட்டால் கரண்ட் சட்டென்று அறுபடாது, காந்தப்புலமும் சட்டென்று சரியாது, பிளக்கில் பொறியும் மெலிந்துவிடும். காயிலும் கண்டென்சரும் ஒரே மாதிரியான அறிகுறிகளைக் காட்டுவதற்குக் காரணம் இதுவே.

பிரைமரியின் தடை சுமார் 3 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும். அதாவது 48 வாட் வெப்பம். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட் திறந்து திறந்து மூடுவதால் இந்த வெப்பம் குறைகிறது. ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் ஆனில் விட்டால், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருக்குமானால், காயில் இடைவிடாமல் சூடேறிக்கொண்டே இருக்கும். வியூ பாயிண்ட்டில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி வைத்துப் பாட்டுக் கேட்பது நல்ல காயிலையும் உருக்கிவிடக்கூடிய பழக்கம். பழைய வண்டியில் அதை அறவே விட்டுவிட வேண்டும்.

கைவைக்கும் முன்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஃபீலர் கேஜ், ரப்பர் பிடியுள்ள பிளையர், நுண்ணிய உப்புத்தாள், ஒரு மீட்டர் நீளமுள்ள ஒயர் ஆகியவை போதும். சரியாக இயங்குவதாக முன்பே சோதித்துவைத்த ஒரு கண்டென்சரும் ஒரு காயிலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நீலகிரியில் சமதரையில் வண்டி நிற்பது அரிது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரங்களுக்கு இறக்கப்பக்கமாகக் கல்லோ கட்டையோ அணை கொடுத்த பிறகே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். குளிருக்காகப் போர்த்திய சால்வையையும் மஃப்ளரையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஓடும் ஃபேன் பெல்ட்டுக்கு அருகில் தொங்கும் துணி உயிருக்கே ஆபத்தானது. நடு ஒயரையோ பிளக் ஒயரையோ எஞ்சின் ஓடும்போது வெறுங்கையால் தொடக் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தச் சோதனைகளை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். பெட்ரோல் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்து, துடைத்து, ஆவி கலையும்வரை பொறிச் சோதனையைத் தொடங்க வேண்டாம்.

முதலில் பொறி இருக்கிறதா என்று பாருங்கள்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் ஒயரை உருவி, அதன் உலோக முனையை எஞ்சின் பிளாக்கின் பெயிண்ட் இல்லாத பகுதியிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி, ரப்பர் பிடியுள்ள பிளையரால் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இந்த ஒயரை எர்த்துக்கு, அதாவது வண்டியின் வெறும் உலோகப் பகுதிக்கு, அருகில் பிடிக்காமல் வெறுமனே தொங்கவிட்டுச் செல்ஃப் அடிக்கக் கூடாது; போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு பாயும், நல்ல காயிலும் அதனால் கெடும்.

நீலநிறத்தில், ‘சட் சட்’ என்ற ஒலியோடு பொறி தாவினால் காயில் அந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று பொருள். அப்போதும் எஞ்சின் ஓடவில்லையென்றால் ரோட்டார், மூடி, பிளக் ஒயர், பிளக், பெட்ரோல் என்று மற்ற திசைகளில் தேட வேண்டும். பொறி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து, ஒயரை மிக அருகில் கொண்டுபோனால் மட்டும் தாவினால், காயிலுக்குப் போதிய கரண்ட் வரவில்லை, அல்லது கண்டென்சர் கெட்டிருக்கிறது, அல்லது காயில் கெட்டிருக்கிறது. நிகழும் வாய்ப்பும் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே அமையும். பொறியே இல்லையென்றால் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள்.

காயிலுக்குக் கரண்ட் வருகிறதா?

நான்கு சோதனைகளிலும் அதிகம் விளக்குவது இதுவே என்பதால், இதை அவசரப்படாமல் செய்யுங்கள். காயிலின் தலையில் இரண்டு சிறிய முனைகள் இருக்கும். பழைய லூகாஸ் வகைக் காயில்களில் அவை எஸ்.டபிள்யூ., சி.பி. என்று குறிக்கப்பட்டிருக்கும், முதலாவது சாவியிலிருந்து வரும் ஒயருக்கு, இரண்டாவது பாயிண்ட்டுக்குப் போகும் ஒயருக்கு. பிற்காலக் காயில்களில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். பேட்டரியின் கழித்தல் முனை எர்த் செய்யப்பட்ட வண்டியில் கூட்டல் முனை சாவிக்கும், கழித்தல் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் உரியவை. 1960களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கூட்டல் முனையே எர்த்தாக இருந்தது. அவற்றில் இந்த இணைப்பும் தலைகீழாக இருக்க வேண்டும். லூகாஸ் முறைப்படி சாவியிலிருந்து வருவது வெள்ளை ஒயர், பாயிண்ட்டுக்குப் போவது கறுப்புக் கோடு போட்ட வெள்ளை ஒயர். எனினும் பல கைகள் மாறி, பலமுறை ஒயரிங் செய்யப்பட்ட வண்டியில் நிறத்தை நம்பாமல் ஒயரைத் தொடர்ந்து சென்று பார்ப்பதே முறை.

சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த்திலும் மற்றொன்றைச் சாவி முனையிலும் வையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில், அங்கே காணும் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்க ஒயரில் தனியே பொருத்தப்படும் தடையான பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஈரக்காற்றில் நிற்கும் மலை வண்டிகளில் இக்னிஷன் சுவிட்சின் பின்முனைகளிலும் ஒயர் இணைப்புகளிலும் பச்சைக் களிம்பு படிவது வழக்கம். ஒவ்வொரு இணைப்பிலும் கால் வோல்ட், அரை வோல்ட்டாகத் தேய்ந்து, காயிலை எட்டும்போது 9 வோல்ட்டே மிஞ்சியிருக்கும் வண்டிகளுக்கு எத்தனை புதுக் காயில் போட்டாலும் பயன் கிடையாது. சுவிட்சின்மீது சந்தேகம் இருந்தால் பேட்டரியிலிருந்து காயிலின் சாவி முனைக்கு நேராக ஓர் ஒயரைத் தற்காலிகமாகக் கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். பொறி தெளிந்தால் குற்றவாளி சுவிட்சோ ஒயரோதான். அந்த ஒயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையாது; ஒயரைப் பிடுங்கியே அணைக்க வேண்டும்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையை அளவிடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஏறத்தாழ 0, திறந்திருக்கும்போது ஏறத்தாழ 12 வோல்ட் வர வேண்டும். ஃபேனைப் பிடித்தோ, டாப் கியரில் வண்டியைச் சற்று நகர்த்தியோ எஞ்சினைச் சுழற்றி, பாயிண்ட்டைத் திறந்தும் மூடியும் பார்க்கலாம். அவ்வாறு கையால் சுழற்றும்போது சாவி ஆஃபில் இருக்கட்டும், அளவெடுக்கும்போது மட்டும் ஆன் செய்யுங்கள். எப்போதும் 12 வோல்ட்டே காட்டினால், பாயிண்ட் அழுக்கேறியோ, அதற்குச் செல்லும் ஒயர் அறுந்தோ, டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கு எர்த் கிடைக்காமலோ இருக்கிறது, காயில் குற்றமற்றது. எப்போதும் 0 காட்டினால், அந்த முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இப்போது 12 வோல்ட் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது: கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம், உள்ளிருக்கும் சிறிய ஒயரின் தோல் உரிந்து தகட்டைத் தொடலாம், புதிதாகப் பாயிண்ட் மாற்றியபோது இன்சுலேட்டர் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். கழற்றிய பிறகும் 0 வோல்ட்டே என்றால் மட்டுமே பிரைமரி சுருள் அறுந்திருக்கிறது. அந்தக் காயிலை மாற்றத்தான் வேண்டும்.

குளிர்காலத்தில் மட்டும் வரும் தொல்லை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை உதகையில் உறைபனி விழும் காலைகளில் பேட்டரியின் திறன் குறைந்து, எஞ்சின் ஆயில் இறுகி, செல்ஃப் மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கிறது. செல்ஃப் அடிக்கும்போதே காயிலின் சாவி முனையில் வோல்ட்டைப் பாருங்கள். அது 9.5-க்கும் கீழே இறங்கினால் பழுது பேட்டரியிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. தள்ளி ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொள்ளும் வண்டி இந்த வகையைச் சேர்ந்தது.

பாயிண்ட்டும் கண்டென்சரும்

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.வரை இருக்க வேண்டும். கருகியிருந்தால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். புதிய பாயிண்ட் சில நாட்களிலேயே நீலம்பாய்ந்து கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். மூடியையும் ரோட்டாரையும் கழற்றி, சாவியை ஆன் செய்து, மூடியிருக்கும் பாயிண்ட்டை ஒரு மரக்குச்சியால் திறந்து பாருங்கள். நடு ஒயரின் முனையைப் பிளாக்குக்கு அருகில் பிடித்திருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கே ஒரு பொறி தாவ வேண்டும். அங்கே தாவாமல் பாயிண்ட்டிலேயே பெரிய பொறி பளிச்சிட்டால் கண்டென்சர் போய்விட்டது. நல்ல கண்டென்சர் ஒன்றின் ஒயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் இணைத்து, அதன் உடலை எர்த்தில் இறுக்கினாலே போதும், பழையதைக் கழற்றாமலே வித்தியாசம் தெரியும். பழையது ஷார்ட் ஆகியிருந்தால் மட்டும் அதைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கண்டென்சரும் சூட்டில் மட்டும் கெட்டு, ஆறியதும் சரியாகிவிடக்கூடியது. காயிலை மாற்றியும் தீராத மலைப்பாதைத் தொல்லைகள் பல, மிகக் குறைந்த விலையுள்ள இந்தக் கண்டென்சரை மாற்றியதும் தீர்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

ஓம் அளவும் அதன் எல்லையும்

இதற்குப் பிறகே காயிலை அளக்க வேண்டும். எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அப்போது காட்டும் சிறு தடையைக் குறித்துக்கொண்டு, அதை அளவிலிருந்து கழித்துவிடுங்கள். பேலஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயிலின் பிரைமரி 3 முதல் 3.5 ஓம்வரை இருக்கும். பேலஸ்ட் ரெசிஸ்டரோடு இயங்கும் காயிலில் அது ஏறத்தாழ 1.5 ஓம். நடு ஒயர் செருகும் துளைக்கும் சிறிய முனைகளில் ஒன்றுக்கும் இடையில் செகண்டரியின் தடை பொதுவாக 5,000 முதல் 10,000 ஓம்வரை காட்டும். எந்த முனைக்கும் தகர உடலுக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது.

செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸ் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. உதகைக் குளிரில், 20 பாகையில் 3.2 ஓம் காட்டிய காயில், ஏற்றம் ஏறிவந்து 80 பாகைக்குச் சூடானதும் 3.9 ஓம் காட்டுவது இயல்பு. அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. சூட்டில் அளவு திடீரென்று முடிவிலிக்குத் தாவினாலோ, குறைந்துவிட்டாலோதான் பழுது. காயிலைத் தொட்டால் சுடுகிறது என்பதும் தனியே சான்றாகாது. நல்ல காயிலும் கை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடேறலாம். ஆனால் உடலிலிருந்து எண்ணெய் கசிந்தாலும், மேல்மூடி விரிசல் விட்டாலும் அளவெடுக்காமலே மாற்றிவிடலாம். உள்ளிருக்கும் எண்ணெய்தான் அதைக் குளிர்விக்கவும் இன்சுலேஷனைக் காக்கவும் செய்கிறது.

மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னழுத்தத்தில்தான் அளக்கிறது. பல்லாயிரம் வோல்ட் எழும்போது மட்டும் கசியும் இன்சுலேஷனை அது காட்டாது. ஆகவே தவறான அளவு காயிலைக் குற்றவாளியாக்கும்; சரியான அளவு அதை முழுவதும் விடுவித்துவிடாது. அப்போது நல்ல காயிலை மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே முடிவான சோதனை.

ஏற்றத்தில் நின்றுவிட்டால்

மலையில் காயிலோடு எளிதில் குழப்பிக்கொள்ளப்படுவது பெட்ரோல் ஆவியடைப்பு. ஏற்றத்தில் பெட்ரோல் பம்பும் குழாயும் சூடேறுகின்றன. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தமும் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதில் கொதித்து ஆவியாகிவிடுகிறது. இரண்டிலும் வண்டி சூட்டில் நிற்கும், ஆறியதும் ஓடும். ஆவியடைப்பில் எஞ்சின் இழுவை குறைந்து, இடித்து இடித்துத் திணறி நிற்பது வழக்கம்; இக்னிஷன் பழுதில் சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் நிற்பது வழக்கம். இந்த வேறுபாடு உதவும், ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அகலமான இடத்தில் ஒதுக்கி, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி அடையாளம் வைத்து, நின்ற உடனேயே, ஆறுவதற்குள், பொறிச் சோதனையைச் செய்யுங்கள். பொறி நீலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம். இல்லையென்றால் இக்னிஷன் பக்கம். பிறகு முதலில் கண்டென்சரை மாற்றிப் பார்த்து, அதற்குப் பின் காயிலை மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வண்டி ஓடும், ஆனால் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

உயரம் காயிலைப் பலவீனமாக்குகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் சிலிண்டருக்குள் பொறி தாவுவதற்கு உண்மையில் சற்றுக் குறைந்த மின்னழுத்தமே போதும். உயரம் செய்வது வேறு: சமவெளிக்கு ஏற்ப வைத்த கார்பரேட்டர், 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றுக்குப் பொருந்தாத அளவு அதிகப் பெட்ரோலைக் கொடுக்கிறது, பிளக் கரிபிடிக்கிறது, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது. பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கறுப்புக் கரி தெரிந்தால், காயிலைத் தொடாமல் பிளக்கைச் சுத்தம் செய்து கார்பரேட்டரைக் கவனியுங்கள்.

மூடுபனியும் மழையும்

தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், அவலாஞ்சி பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஈரத்தில் எஞ்சின் தடுமாறும் பழுது பழகிய ஒன்று. காயிலின் மேல்முனையிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் படிந்த தூசியும் எண்ணெய்ப் பசையும் ஈரத்தில் கரண்டைக் கடத்துகின்றன. ஒருமுறை கசிந்த இடத்தில் பென்சில் கோடுபோல் மெல்லிய கரிக்கோடு விழுந்துவிட்டால், உலர்ந்த பிறகும் கரண்ட் அதே வழியைத் தேடிப் போகும். துடைத்தாலும் அது போகாது, அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

இருட்டிய பின் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கசியும் இடங்களில் நீலநிறப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஒன்றும் தெரியவில்லையென்றால், செடிகளுக்குத் தெளிக்கும் சிறிய கைத் தெளிப்பானால் காயில், மூடி, ஒயர்கள் ஆகியவற்றின்மீது ஒவ்வொன்றாகப் பூச்சாரல்போல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தெளிக்கும்போது எஞ்சினைத் தொடாதீர்கள். எந்த இடத்தில் தெளித்ததும் எஞ்சின் தடுமாறுகிறதோ அதுவே பழுதான இடம். காயிலின் மேல்முனையில் ஒயர் முழு ஆழத்துக்கும் செருகியிருப்பதையும், அதன் ரப்பர் மூடி வெடிக்காமல் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

புதுக் காயில் வாங்கும்போது

கடைக்கு மல்டிமீட்டரையும் எடுத்துச் சென்று, பணம் கொடுப்பதற்கு முன் பிரைமரியை அளந்து பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் போலிப் பொருள் இருப்பது இந்த வணிகத்தில் நடப்பதே. பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் 8 ஆம்பியர் பாயும். பாயிண்ட் விரைவில் கருகும், காயில் சூட்டில் வெந்துபோகும். பேலஸ்ட் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலைப் போட்டால் பொறி மெலியும், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகாது.

பொருத்தும்போது கிளாம்ப் உறுதியாகப் பிடிக்க வேண்டும், ஆனால் தகரம் நசுங்கும்வரை இறுக்கக் கூடாது. முனைகளை மாற்றி இணைத்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பொறி, பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து வெளிமுனைக்குத் தாவாமல் எதிர்த்திசையில் தாவ வேண்டியிருப்பதால் அதிக மின்னழுத்தம் தேவைப்பட்டு, ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மிஸ்ஸிங் வரும். சிலர் வாங்கிய அன்றே ‘புதுக் காயிலும் சரியில்லை’ என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருத்தியதும் வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்து நிறைவடையாதீர்கள். முன்பு நின்ற அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, பகல்வேளையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கழற்றிய காயில் நல்ல நிலையில் இருப்பதாகச் சோதனையில் தெரிந்திருந்தால், அதன் ஓம் அளவையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி, நடு ஒயர் ஒன்றையும் கண்டென்சரையும் சேர்த்து, ஈரம் புகாத பையில் கட்டி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.